நாணய வாணிகமும் தரகர் தெரிவும்

நாணயம் என்னுஞ் சொல் தமிழிற் காசைக் குறிப்பதோடு நேர்மையையுங் குறிக்கும். காசின் தரமறிந்து உள்ளது கூறுவோனைப் பண்டையோர் வண்ணக்கன் என்றனர். சங்கப் புலவர் சிலரின் பெயர்களிலும் அவ்வடைமொழி ஒட்டி நிற்பதைக் காணலாம். பிற்காலத்தில் அத்தொழில் செய்தோர் சராப்பர் எனப்பட்டனர். பெயர் மாறியபோதிலும் தொழிலின் இயல்பு மாறவில்லை. ஒருநாட்டுக் காசை வாங்கி மறுநாட்டுக் காசைக் கொடுப்போன் எக்காலத்தும் இரண்டு விலை கூறுவான். தான் வாங்கும் விலை ஒன்று. தான் விற்கும் விலை மற்றொன்று. இரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாடே அவனுடைய ஊதியம். இன்று இணையத்தின் வழியே நாணய வாணிகம் நடத்தித் தருவோம் என்று விளம்பரஞ் செய்யும் தரகுக் கொம்பனிகளின் தொழிலுக்கும் அடிப்படை இதுவே. அவற்றுள் எது நல்லது, எது தீயது என்று ஒப்புநோக்க விரும்புவோர் இவ்வொரு செய்தியை மறவாதிருப்பின் பாதி வழி கடந்தவராவர்.

மன்னார்க் கரைக்குப் பலநாட்டுக் காசு புதியதன்று. மாதோட்டத்திலே உரோம நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. முத்துச் சலாபம் நடந்த காலங்களிற் சிலாபத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் சில வாரங்களுக்கு மாத்திரம் பெருநகரங்கள் தோன்றி மறைந்தன. தென்னிந்தியச் செட்டிமாரும், இருகரைச் சோனகரும், அராபியரும், பம்பாய் வணிகரும் அங்கே கூடினர். வராகனும் பணமும் றிக்ஸ் டொலரும் ஒரே மணலிற் கைமாறின. 1825ஆம் ஆண்டில் இலங்கை அரசு ஆங்கிலப் பவுண் கணக்கைப் புகுத்திற்று. 1869இல் இந்திய ரூபாவே இத்தீவின் நிலையான நாணயமாயிற்று. 1872 தொடக்கம் ரூபா நூறு சதமாகப் பிரிக்கப்பட்டது. இத்துணை மாற்றங்களுக்கிடையிலே காசறிந்து மாற்றித் தருவோனின்றி வாணிகம் ஓரடியும் நகர்ந்திராது.

சலாபத்தைப் பற்றி ஈண்டுச் சிறிது விரித்துரைத்தல் பொருத்தமானதே. மூழ்குவோர் எடுத்துவந்த சிப்பிகளைக் கொட்டு எனப்பட்ட அடைப்பினுள் எண்ணிப் பிரித்து, அரசின் பங்கை மாலையில் ஆயிரம் ஆயிரமாக ஏலமிடுவர். ஏலங் கேட்போன் வாங்குவது முத்தையன்று, திறவாத சிப்பியையே. சிப்பி அழுகிக் கழுவப்பட்ட பின்னரே அதனுள் இருந்தது செல்வமோ வெறுஞ் சேறோ என்பது தெரியவரும். எனினும் அவ்வாணிகத்தில் ஓர் ஒழுங்கிருந்தது. குளிப்புத் தொடங்குமுன் மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றின் முத்தை மதிப்பிட்டு, அதன் பின்னரே சலாபத்தை அறிவித்தனர். ஏலத்தை நடத்தியது அரசு. எண்ணியவரும் விற்றவரும் எங்கு இருப்பர், எவருக்குப் பொறுப்பாவர் என்பதையெல்லாம் யாவரும் அறிவர். 1906ஆம் ஆண்டில் மரிச்சுக்கட்டியில் அவ்வேலையை மேற்பார்த்த அரசாங்க ஊழியருள் ஒருவர், பின்னாளிற் பெயர்பெற்ற எழுத்தாளராகிய லெனாட் வூல்ஃப் ஆவார்.

அதே 1906இல் இம்முத்துப் பார்கள் ஆண்டுக்கு 310,000 ரூபா வாடகைக்கு இருபது ஆண்டுக் குத்தகையாக ஓர் ஆங்கிலேயக் கொம்பனியிடம் ஒப்புவிக்கப்பட்டன. பேராசிரியர் ஹேர்ட்மன் முதலிய கடலுயிர் நூல் வல்லோர் சில ஆண்டுகளுக்கு முன்னரே பார்களை ஆராய்ந்து பல தொகுதிகளாக அறிக்கை எழுதியிருந்தனர். எனினும் சிப்பிகள் அற்றுப்போயின. குத்தகைக்காலம் முடியுமுன்னரே கொம்பனியும் ஒழிந்தது. நேரிலே கடலடியைப் பார்த்தவரின் மதிப்பீடும் பொய்த்துப்போம் என்பதற்கு இக்கரையிலேயே சான்றிருக்கிறது. அவ்வாறாயின், டொலரும் யூரோவும் நாளை எப்பக்கஞ் சாயும் என்று உறுதி கூறுவோரைப் பற்றி என் சொல்வது?

இன்று உப்புக்குளத்தில் ஓர் இளைஞன் கடற்கரைக்குச் செல்லாமலே, கைத்தொலைபேசித் திரையில் யூரோவை வாங்கி யென்னை விற்கலாம். நூறு டொலர் இருந்தாற் போதும் என்பது விளம்பரம். அந்நூறு டொலர் பெரும்பாலும் அவனுடைய உழைப்பில் வந்ததன்று. கட்டாரிலோ பிரான்சிலோ கனடாவிலோ உள்ள தமையன் படகு இயந்திரத்துக்கென அனுப்பியதாயிருக்கலாம். தாயின் காப்பை அடகுவைத்துப் பெற்றதாயிருக்கலாம். ஆதலின் இவ்வாணிகத்தின் உள்ளமைப்பை விளங்கிக்கொள்ளுதல் இங்கே வெறும் அறிவு விருப்பத்துக்குரிய பொருளன்று.

உலக நாணயச் சந்தை மிகப் பெரியது. சர்வதேசத் தீர்ப்பனவு வங்கி மூன்றாண்டுக்கொருமுறை எடுக்கும் கணக்கின்படி, 2022 ஏப்பிரலில் நாளொன்றுக்கு 7.5 திரில்லியன் டொலரும், 2025 ஏப்பிரலில் 9.6 திரில்லியன் டொலரும் கைமாறின. பின்னதை நம் கணக்கிற் கூறின் 9 இலட்சத்து 60 ஆயிரம் கோடி டொலர். இவ்வெண்ணைத் தரகர் தம் விளம்பரத்தின் முகப்பிற் பெரிதாக எழுதுவர். ஆனால் அச்சந்தை வங்கிகளும் பெருநிறுவனங்களும் ஒன்றோடொன்று கொடுத்து வாங்குஞ் சந்தை. நூறு டொலர் உடையவன் அதனுட் புகுவதில்லை. அவன் தரகனோடு ஓர் ஒப்பந்தஞ் செய்கிறான். விலை ஏறினால் ஏற்றத்தைத் தரகன் தருவான், இறங்கினால் இறக்கத்தை அவன் கொடுப்பான் என்பதே அவ்வொப்பந்தம். யூரோவொன்றும் எவர் கைக்கும் வருவதில்லை. பல தரகர் அவ்வொப்பந்தத்தில் எதிர்க்கட்சியாகத் தாமே நிற்பர். வாடிக்கையாளன் இழப்பது அவர்களுக்கு வரவு. இது சட்டம் இடங்கொடுக்கும் நாடுகளில் வெளிப்படையாக நடக்கும் முறையே, களவன்று. ஆயினும் தரகன் என்ற சொல்லைக் கேட்டு, வீடு விற்றுத் தரும் தரகனைப்போல இருபக்கத்துக்கும் பொதுவானவன் என்று எண்ணிவிடுதல் பெரும் பிழையாகும்.

இனித் தரகர் தரும் கடனைப் பார்ப்போம். லெவரேஜ் என்று அவர்கள் கூறுவது, வாடிக்கையாளன் கட்டும் முன்பணத்தைப் போலப் பன்மடங்கான தொகைக்கு வாணிகஞ் செய்ய இடந்தருவதாகும். ஒன்றுக்கு ஐந்நூறு என்றால் 100 டொலர் கட்டியவன் 50,000 டொலருக்கு வாணிகஞ் செய்யலாம். இதைச் சலுகையென்றே பலர் கொள்வர். கணக்கிட்டுப் பார்ப்பின் உண்மை விளங்கும். யூரோவின் விலை 1.10 டொலர் என்று கொள்வோம். அது 1.1000 இலிருந்து 1.0978 ஆக இறங்கினால் இறக்கம் நூற்றுக்கு ஐந்திலொன்று மாத்திரமே. அத்தகைய அசைவு வேலைநாள்களில் வெகு சாதாரணமாக நிகழ்வது. ஒரு காலைப்பொழுதிலேயே நிகழ்ந்துவிடலாம். 50,000 டொலரில் நூற்றுக்கு ஐந்திலொன்று 100 டொலர். கட்டிய முன்பணம் முழுவதும் அவ்வளவிலே தீர்ந்துபோம். அதே இறக்கம் ஒன்றுக்கு முப்பது என்ற அளவில் வாணிகஞ் செய்தவனுக்கு 6 டொலர் இழப்பையே தரும்.

ஐரோப்பியப் பங்குச்சந்தை மேற்பார்வை ஆணையம் 2018ஆம் ஆண்டிற் சாதாரண வாடிக்கையாளர்க்கு முதன்மை நாணயங்களில் ஒன்றுக்கு முப்பதுக்கு மேற் கடன் கூடாதென்று விதித்தது இதனாலேயே. ஐக்கிய இராச்சியமும் அவுஸ்திரேலியாவும் பின்னர் அவ்வளவையே நிலைப்படுத்தின. யப்பான் 2011 தொடக்கம் இருபத்தைந்தோடு நிறுத்தியது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வரம்பு ஐம்பது. செல்வமும் சட்டமும் செழித்த நாடுகளே இவ்வாறு கயிற்றைச் சுருக்கிப் பிடித்திருக்க, ஐந்நூறும் ஆயிரமும் தருவோம் என்பவர் எந்நாட்டுச் சட்டத்தின்கீழ் அதைத் தருகின்றனர் என்று கேட்பதே ஒப்புநோக்கின் முதல் வினாவாதல் வேண்டும்.

வாங்குவிலைக்கும் விற்குவிலைக்கும் இடைப்பட்ட வேறுபாட்டை ஸ்பிரெட் என்பர். விலையின் நான்காந் தசமதானத்தில் ஒன்று கூடுவதோ குறைவதோ ஒரு பிப். சதத்தின் நூறிலொரு பங்கு அது. இத்துணைச் சிறிய அளவைப் பற்றிக் கவலை எதற்கு என்று தோன்றும். மேற்கூறிய இளைஞனே ஒரு பிப் ஸ்பிரெட் உள்ள தரகனிடம் 50,000 டொலருக்கு ஒருமுறை வாங்கி விற்றான் என்க. அவன் கொடுக்கும் கூலி ஏறத்தாழ நாலரை டொலர். 50,000 டொலருக்கு அது சிறு துளி. ஆனால் அவனுடைய சொந்தப் பணம் நூறு டொலரேயன்றோ? நூற்றுக்கு நாலரை ஒரே வீச்சிற் போயிற்று. நாளுக்கொருமுறையாகப் பத்து நாள் இவ்வாறு செய்தால் 45 டொலர் கூலியாகவே கழியும். சந்தை ஏறவுமில்லை இறங்கவுமில்லை என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு கிழமையில் முதலிற் பாதியளவு கரைந்துவிடும். கடன் பெருகப் பெருகக் கூலியும் முதலோடு ஒப்பிடுமிடத்துப் பெருகுகிறது என்னும் இவ்வுண்மையை எத்தரகனும் தானாக எடுத்துச் சொல்வதில்லை. ஐந்நூறு மடங்கு கடனை அவன் ஏன் இத்துணைத் தாராளமாகத் தருகிறான் என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது.

தரகுக்கூலி வாங்குவதில்லை என்று ஒருவர் கூறுவார். மற்றொருவர் கூலி இவ்வளவு என்று வெளிப்படையாகக் கூறுவார். முன்னவரே மலிவானவர் என்று முடிவுசெய்தலாகாது. ஓர் இலட்சம் யூரோ கொண்ட முழு அலகில் ஒரு பிப்பின் மதிப்பு 10 டொலர். கூலியில்லை என்பவரின் ஸ்பிரெட் 1.6 பிப் ஆயின் அவர் எடுப்பது 16 டொலர். மற்றவர் 0.2 பிப் ஸ்பிரெட்டும், வாங்கும்போது மூன்றரை, விற்கும்போது மூன்றரை என ஏழு டொலர் கூலியும் எடுப்பாராயின் மொத்தம் 9 டொலரே. இவ்விரு கூறுகளையுங் கூட்டியே ஒப்பிடல் வேண்டும். அதுவும் விளம்பரத்திற் காட்டும் மிகக் குறைந்த ஸ்பிரெட்டைக் கொண்டன்று; வழக்கமான வேளைகளில் உள்ள சராசரியைக் கொண்டே கணித்தல் தகும். அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்கு முதலிய செய்திகள் வெளிவரும் நேரத்தில் ஸ்பிரெட் பன்மடங்காக விரிவதும் உண்டு.

இரவு கடந்து வைத்திருக்கும் ஒப்பந்தத்துக்கு வட்டி வேறுபாடு கணக்கிடப்படும். அதை ஸ்வொப் என்பர். வாரவிடுமுறையின் வட்டியையுஞ் சேர்த்துப் புதன்கிழமை இரவில் மும்மடங்காக எடுப்பது வழக்கம். மன்னாரில் முஸ்லிம் மக்கள் பலர் வாழ்வதால் ஒரு செய்தியை இங்கே கூறுதல் தகும். இஸ்லாமியக் கணக்கு என்ற பெயரில் ஸ்வொப் இல்லாத கணக்குகளைத் தரகர் பலர் வழங்குகின்றனர். அவற்றுட் பலவற்றில் வட்டி நின்ற இடத்தில் நிருவாகக் கட்டணம் என்ற வேறொன்று வந்து நிற்கிறது. பெயர் மாற்றத்தால் மாத்திரம் பொருள் மாறிவிடாது. முன்பணத்தின் மீது கடன்தந்து நடத்தும் இம்முறையையே ஏற்காத மார்க்க அறிஞரும் பலர் உளர்.

தரகனின் நம்பகத்தை அறிவதற்கு அவனுடைய உரிமத்தைப் பார்க்க வேண்டும் என்று எல்லோருங் கூறுவர். எந்த உரிமம் என்பதிலேயே சூழ்ச்சி இருக்கிறது. ஒரே பெயரும் ஒரே சின்னமுங் கொண்ட தரகுக் குழுவொன்றுக்கு இலண்டனில் ஒரு கொம்பனி, சைப்பிரசில் ஒரு கொம்பனி, சீசெல்சிலோ வனுவாட்டுவிலோ ஒரு கொம்பனி எனப் பல உறுப்புகள் இருக்கும். விளம்பரத்தில் இலண்டன் உரிமம் ஒளிவிடும். இலங்கையிலிருந்து கணக்குத் திறப்பவனுடைய ஒப்பந்தமோ பெரும்பாலும் கடைசியாகச் சொன்ன தீவுக் கொம்பனியோடு எழுதப்பட்டிருக்கும். இலண்டன் கொம்பனியோடு ஒப்பந்தமாயின், அது முறிந்தால் 85,000 பவுண் வரை ஈடு பெறுதற்கு ஒரு திட்டம் இருக்கிறது. சைப்பிரசில் அவ்வீடு 20,000 யூரோ வரை. தீவுக் கொம்பனிகளில் இவற்றுக்கு நிகரான காப்பு இருக்கும் என்று எதிர்பார்த்தற்கில்லை. சென் வின்சென்ற் தீவின் நிதிச் சேவை அதிகாரசபையோ, தாம் நாணயத் தரகர்க்கு உரிமம் வழங்குவதே இல்லை என்று அறிவித்திருக்கிறது. அங்கே பதிவுசெய்த கொம்பனி என்பது பதிவுசெய்த கொம்பனி என்பதற்கு மேல் எதையும் உணர்த்தாது. ஆதலின் ஒப்பந்தப் பத்திரத்தின் அடியில் உள்ள கொம்பனியின் முழுப்பெயரையும் இலக்கத்தையும் எடுத்து, உரிமம் வழங்கிய அதிகாரசபையின் பதிவேட்டில் நேரே தேடுவதே முறை. தரகனின் பக்கத்திலிருந்து செல்லும் இணைப்பை நம்பலாகாது. போலிப் பதிவேடுகளும் உள.

நல்ல உரிமம் இருந்தாலும் எல்லாத் தீங்கும் நீங்கிவிடும் என்பதில்லை. 2015 சனவரி 15ஆந் திகதி சுவிற்சர்லாந்தின் தேசிய வங்கி, யூரோவுக்கு 1.20 பிராங்கு என்று மூன்றாண்டுக்கு மேலாகக் காத்துவந்த அடித்தளத்தை முன்னறிவிப்பின்றி நீக்கியது. சில நிமிடங்களுள் யூரோ ஒரு பிராங்குக்குங் கீழே வீழ்ந்தது. இவ்விலையில் நிறுத்திவிடுக என்று முன்னரே கட்டளையிட்டிருந்தோரின் கட்டளைகள் அவ்விலையில் நிறைவேறவில்லை. இடையிலே வாங்குவோரே இல்லாதபோது எங்கே நிறைவேறும்? கட்டிய பணத்தை இழந்ததோடு தரகர்க்குக் கடனாளிகளாகவும் பலர் ஆயினர். இலண்டன் உரிமம் பெற்றிருந்த அல்பாரி யூகே என்னுங் கொம்பனி முறிந்தது. அமெரிக்காவில் முன்னணியில் நின்ற எஃப்எக்ஸ்சிஎம் கொம்பனியின் வாடிக்கையாளர் 225 மில்லியன் டொலர் அளவுக்குக் கடன்பட்டு நிற்க, அது 300 மில்லியன் டொலர் கடன் வாங்கித் தப்பியது. அதே கொம்பனி, வாடிக்கையாளரின் எதிர்க்கட்சியாகத் தான் நிற்பதில்லை என்று கூறிக்கொண்டே, எதிர்க்கட்சியாக நின்ற வேறொரு நிறுவனத்தோடு மறைவான தொடர்பு வைத்திருந்தது என்று 2017 பெப்புருவரியில் அமெரிக்க ஒழுங்காளர் கண்டு, 7 மில்லியன் டொலர் தண்டம் விதித்து, அந்நாட்டுச் சந்தையிலிருந்தே வெளியேற்றினர். ஒழுங்காளர் விழித்திருந்தமையால் இது வெளிவந்தது. தீவுக் கொம்பனி இவ்வாறு செய்திருந்தால் அறிவார் யார்?

சுவிற்சர்லாந்து நிகழ்ச்சியின் பின்னர், கட்டியதற்கு மேல் வாடிக்கையாளன் இழக்கலாகாது என்னும் விதியை ஐரோப்பாவும் ஐக்கிய இராச்சியமுங் கட்டாயமாக்கின. கணக்குத் திறந்தால் ஊக்கப்பணம் தருவோம் என்பதையும் தடுத்தன. ஊக்கப்பணம் என்பது தூண்டிலிற் கோத்த இரையை ஒத்தது. அதை ஏற்றவன் இத்தனை அலகு வாணிகஞ் செய்து முடித்தாலன்றித் தன் பணத்தையே மீட்க இயலாது என்ற நிபந்தனை சிறிய எழுத்தில் இருக்கும். பொதுவாகவே, பணத்தைக் கட்டுவது எளிது என்பதைக் கொண்டு தரகனை மதிப்பிடலாகாது. மீட்பது எளிதோ என்பதைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும். பணம் மீட்க விரும்புவோனிடம் முதலில் வரி கட்டு, கட்டணங் கட்டு என்று மேலும் பணங் கேட்பவன் தரகனே அல்லன்.

வெற்றி பெறுவோர் எத்துணைப் பேர் என்ற வினாவுக்கு மறைவில்லாத விடை உண்டு. 2018இல் ஐரோப்பிய ஆணையம் தொகுத்த செய்திகளின்படி, இத்தகைய ஒப்பந்தங்களிற் சாதாரண வாடிக்கையாளர் கணக்குகளுள் நூற்றுக்கு 74 முதல் 89 வரை இழப்பிலேயே முடிந்தன. அன்று தொட்டு ஐரோப்பியத் தரகர் ஒவ்வொருவரும் தம் வாடிக்கையாளருள் இழப்போர் வீதத்தை விளம்பரத்திலேயே அச்சிடல் வேண்டும். தரகர்களை ஒப்பிடுவோர்க்கு இவ்வெண் ஒரு நல்ல அளவுகோல். இந்தியாவிலும் பங்குச்சந்தை வாரியமாகிய செபி 2024 செப்டெம்பரில் வெளியிட்ட ஆய்வு, பங்குசார் முன்பேர வாணிகத்தில் ஈடுபட்ட தனியாருள் நூற்றுக்கு 93 பேர் மூன்றாண்டுகளில் இழந்தனர் என்று காட்டிற்று. பொருள் வேறெனினும் நோய் ஒன்றே.

இவ்வெண்களைக் காட்டினால், குறிப்புத் தரும் ஆசான்மாரைப் பின்பற்றினாற் போதும் என்பர் சிலர். மாதக் கட்டணம் பெற்றுக்கொண்டு இன்று வாங்கு, நாளை விற்பாய் என்று செய்தியனுப்புவோர் இவர்கள். முத்துச் சலாபங்களிற் கடல்கட்டி என்றொருவர் இருந்தார். மூழ்குவோரைச் சுறா தீண்டாதபடி மந்திரத்தாற் கடலைக் கட்டுவது அவர் தொழில். அவர் வராவிடின் மூழ்குவோர் நீரில் இறங்கார் என்பதால் அரசே அவரை அமர்த்திற்று. சுறா வந்தாலும் வராவிட்டாலும் அவருக்குரிய பங்கு அவருக்குச் சேரும். அவராவது கரையில் எல்லோர் கண்முன்னும் நின்றார். இக்காலக் கடல்கட்டிகளுட் பலர் தரகனிடமும் தரகுபெறுகின்றனர்; தாம் சேர்த்துவிட்டவன் எவ்வளவு கூடுதலாக வாங்கி விற்கிறானோ அவ்வளவு அவர்க்கு வரவு.

இலங்கைச் சட்டத்தின் நிலையையும் அறிதல் வேண்டும். 1953ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அறுபது ஆண்டுக்கு மேலாக இங்கே ஆண்டது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. இச்சட்டப்படி அந்நிய நாணயத்திற் கொடுக்கல் வாங்கல் நடத்த அதிகாரம் பெற்றோர் உரிமம் பெற்ற வங்கிகளும், வரையறுத்த அளவில் மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நாணயமாற்றுநருமே. வங்கியட்டைகள் வெளிநாட்டிற் பொருளும் சேவையும் வாங்குவதற்கு உரியன. முன்பணத்தின்மேற் கடன்பெற்று நாணயச் சூதாடுதற்கு அவ்வனுமதி விரியாது. அட்டை தடுக்கப்படும்போது, உள்ளூரில் ஒருவருடைய வங்கிக் கணக்கில் ரூபாவை இட்டால் வெளிநாட்டுக் கணக்கில் டொலரோ தெதர் என்னும் மெய்நிகர் நாணயமோ வந்துசேரும் என்று வழிகாட்டுவோர் தோன்றுகின்றனர். அவ்வழியிற் சென்ற பணத்துக்குப் பற்றுச்சீட்டு இல்லை. வழக்குரைக்க ஒரு மன்றும் இல்லை. மெய்நிகர் நாணயத்தைப் பற்றி மத்திய வங்கி பலமுறை எச்சரித்திருக்கிறது.

பாக்குநீரிணைக்கு அப்பாலும் நிலை வேறன்று. இந்தியாவில் 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, ரிசர்வ் வங்கி அனுமதித்தோரிடமும் அங்கீகாரம் பெற்ற பங்குச்சந்தைகளிலும் மாத்திரமே நாணய வாணிகம் நடைபெறலாம். அனுமதியற்ற இணையத் தரகரின் பெயர்களை 2022 செப்டெம்பரில் ரிசர்வ் வங்கி எச்சரிக்கைப் பட்டியலாக வெளியிட்டது. 34 பெயர்களோடு தொடங்கிய அப்பட்டியல் பின்னர்ப் பலமுறை நீண்டது. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி விளம்பரத்திற் கண்டது கொண்டு ஒரு தரகனை நம்புவோர் அப்பட்டியலையும் ஒருமுறை பார்த்தல் நன்று.

பிரித்தானியாவிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் பழைய மாணவர்க்கு இவ்வாணிகம் சட்டத்தால் விலக்கப்பட்டதன்று. அவர்கள் தாம் வாழும் நாட்டின் உரிமம் பெற்ற கொம்பனியோடு மாத்திரம் ஒப்பந்தஞ் செய்து, மொத்தக் கூலியையும் இழப்போர் வீதத்தையும் ஒப்பிட்டு, கடனை இயன்றவரை சுருக்கிக்கொள்வாராயின் தீங்கு குறையும். தம் பெயரிற் கணக்குத் திறந்து ஊரில் உள்ள உறவினன் கையில் கொடுத்தல் இருவரையும் இடரில் மாட்டும்.

உண்மையில் உப்புக்குளத்துக் குடும்பங்கள் அந்நிய நாணயத்தோடு நாளாந்தங் கொள்ளும் உறவு வேறு. வெளிநாட்டுப் பணம் எவ்வழியில் வீடுவந்து சேர்வது என்பதே அது. இதிலும் தரகரை ஒப்பிட்டுத் தெரிதல் வேண்டும். இதன் பயனோ கண்கூடு. 2020இல் வெளிநாட்டுத் தொழிலாளர் வங்கிகள் வழியே இலங்கைக்கு அனுப்பிய பணம் ஏறத்தாழ 7,100 மில்லியன் டொலர். 2021இல் அது 5,490 மில்லியனாயிற்று. 2022இல் 3,790 மில்லியனாகச் சுருங்கிற்று. டொலர் ஒன்றுக்கு 200 ரூபாவளவில் வங்கி விலை கட்டிவைக்கப்பட்டிருந்தபோது உண்டியல்காரர் அதனினும் கூடுதலாகத் தந்தமையே இதற்குப் பெருங்காரணம். உண்டியல் வழி சென்ற டொலர் நாட்டுக்குள் வரவில்லை. எரிபொருளும் மருந்தும் வாங்க டொலரின்றி நாடு தவித்தது. மீன்பிடிப் படகுகள் மண்ணெண்ணெயின்றிக் கரையில் கிடந்த நாள்களை மன்னார் மறந்திராது. 2022 மார்ச்சில் ரூபாவின் கட்டு அவிழ்க்கப்பட்டது; அவ்வாண்டிறுதியில் டொலர் 360 ரூபாவளவில் நின்றது. 2024 முடிவில் 290 ரூபாவளவுக்குத் தாழ்ந்தது. வங்கி விலைக்கும் வெளிவிலைக்கும் இடைவெளி சுருங்கியதும் பணம் மீண்டும் வங்கிகளை நாடிற்று.

அனுப்பும் நிறுவனங்களை ஒப்பிடுமிடத்தும், கட்டணமில்லை என்ற விளம்பரமே மயக்குவது. அனுப்புவோன் கொடுக்கும் காசுக்கு வீட்டிலுள்ளோர் கையில் எத்துணை ரூபா சேர்கிறது என்ற ஒன்றையே கணக்கிடல் வேண்டும். இலண்டனிலிருந்து ஒருவர் 500 பவுண் அனுப்புகிறார் என்றும், அன்றைய சந்தை விலை பவுணுக்கு 400 ரூபா என்றுங் கொள்வோம். கட்டணம் வாங்காத நிறுவனம் 397 ரூபா வீதம் மாற்றித் தருகிறது; வீடு சேர்வது 198,500 ரூபா. மற்றொரு நிறுவனம் 3 பவுண் கட்டணம் எடுத்துக்கொண்டு மிகுதி 497 பவுணையும் 400 ரூபா வீதம் மாற்றுகிறது. வீடு சேர்வது 198,800 ரூபா. கட்டணம் வாங்கியவரே 300 ரூபா கூடுதலாகச் சேர்ப்பித்தவர்.